உரிமம், நிலம், பெயர்: மனாகுவா மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறுபத்து மூன்று ஆண்டுகள்

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை ஓர் அரசு மூடும்போது உண்மையில் எதை மூடுகிறது என்ற கேள்வி, கேட்ட அளவில் எளிதாகத் தோன்றினாலும், இந்த நூற்றாண்டில் நிகழ்ந்த மூடல்களை அருகில் வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு எளிதில் விடை தருவதில்லை. கட்டடங்கள் பெரும்பாலும் இடிக்கப்படுவதில்லை. வகுப்புகள் சில வாரங்களிலேயே மீண்டும் தொடங்குகின்றன. மாணவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அமைச்சர்கள் அறிவிக்கின்றனர். ஆயினும் ஒரு கல்வி நிறுவனம் இல்லாமல் போயிருக்கிறது என்பதை அந்நாட்டவர் அனைவரும் அறிந்திருக்கின்றனர். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1960 முதல் 2023 வரை இயங்கிய மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏனைய எந்த நிறுவனத்தின் வரலாற்றைக் காட்டிலும் கூடுதலாக உதவுகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவிக்க உதவிய ஆட்சியும் அதை இறுதியில் பறித்துக்கொண்ட ஆட்சியும் ஒன்றுக்கொன்று கொடும்பகை கொண்டவை என்பதும், இரண்டுமே அதைத் தமக்குரிய கருவியாக எண்ணி ஏமாந்தன என்பதும் அதற்குக் காரணம்.

வரலாற்றுக்குள் செல்லுமுன் ‘தனியார்’ என்ற அடைமொழியைச் சற்று ஆராய வேண்டும். உலகின் எந்தப் பகுதியிலும் தனியார் பல்கலைக்கழகம் என்பது அரசின் கையெழுத்து இல்லாமல் தோன்றுவதில்லை. சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்காடவும் ஒப்பந்தம் செய்யவும் ஒரு நிறுவனத்துக்குத் தேவைப்படும் சட்ட ஆளுமை, அதாவது சட்டத்தின் கண்ணில் அந்நிறுவனம் ஒரு தனி ஆள் என்ற ஏற்பு, அரசின் பதிவேட்டிலிருந்து வருகிறது. பட்டம் வழங்கும் அதிகாரம் கல்வி அமைச்சகத்தின் உரிமத்திலிருந்தோ நாடாளுமன்றச் சட்டத்திலிருந்தோ வருகிறது. வளாகம் அமைந்த நிலம் பல சமயங்களில் அரசு கொடுத்ததாகவோ குத்தகைக்கு விட்டதாகவோ இருக்கிறது. வங்கிக் கணக்கும் கடனும் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. ஆகவே தனியார் பல்கலைக்கழகத்தின் தன்னுரிமையைக் காப்பது அதன் உடைமை அன்று. இந்தத் தாள்களைக் காரணமின்றி யாரும் திரும்பப் பெற முடியாதபடி காக்கும் நீதிமன்றமும், ஆட்சியாளரின் விருப்பத்துக்கு வளையாத பதிவு அலுவலகமுமே அதன் உண்மையான மதில்கள். அவை வீழ்ந்த நாட்டில் அறக்கட்டளைக்குச் சொந்தமான பல்கலைக்கழகமும் அரசுப் பல்கலைக்கழகமும் ஒரே நிலையில்தான் நிற்கின்றன என்பதே இக்கட்டுரையில் சொல்லப்படும் அடிப்படைக் கருத்து.

நிகராகுவாவில் உயர்கல்வியின் அரசியல், சோமோசா குடும்பத்தின் ஆட்சியோடு பிணைந்தே வளர்ந்தது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1979 வரை அந்நாட்டைத் தந்தையும் இரு மகன்களுமாக ஆண்ட அக்குடும்பம், 1958இல் லெயோன் நகரத்திலிருந்த தேசியப் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சி வழங்க இசைந்தது. மரியானோ ஃபியாயோஸ் ஹில் என்ற கல்வியாளர் ரெக்டராக, அதாவது நம் வழக்கில் துணைவேந்தருக்கு ஒப்பான பொறுப்பில், இருந்து அந்தத் தன்னாட்சியைப் பெற்றுத் தந்தார். அடுத்த ஆண்டு, 1959 ஜூலை 23 அன்று, லெயோன் தெருக்களில் ஊர்வலம் சென்ற மாணவர்கள் மீது தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். பின்னாளில் சாண்டினிஸ்டா தேசிய விடுதலை முன்னணியாக உருவெடுத்த இயக்கத்தின் முதல் தலைமுறை அந்தச் சூழலில்தான் வளர்ந்தது. தேசியப் பல்கலைக்கழகம் எதிர்ப்பாளர்களின் பாசறையாகிவிட்டது என்று ஆட்சியாளரும் வசதி படைத்த கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒருசேர அஞ்சிய காலத்தில், 1960இல், இயேசு சபைத் துறவியரின் பொறுப்பில் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் தோன்றியது. மத்திய அமெரிக்காவின் முதல் தனியார் பல்கலைக்கழகம் இதுவே. சோமோசா குடும்பத்தின் உறவினரான லெயோன் பயாயிஸ் என்ற துறவி அதன் முதல் ரெக்டரானார்.

இயேசு சபை கல்விப் பணியில் நாட்டம் கொண்ட துறவற சபை என்பது, திருச்சி தூய வளனார் கல்லூரியையும் சென்னை இலயோலா கல்லூரியையும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லாதது. நிகராகுவாவிலோ அச்சபைக்கும் அரசுக்கும் இருந்த உறவு முன்பே கசப்பை அறிந்தது. 1881இல் அந்நாட்டு அரசு இயேசு சபையினர் அனைவரையும் வெளியேற்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பி வந்து கிரானடா நகரில் பள்ளி நடத்தியவர்கள், அரசின் நல்லெண்ணத்தைப் பெற்றே பல்கலைக்கழகம் வரை வளர்ந்தனர். ஊகா என்று ஸ்பானிய மொழிச் சுருக்கத்தால் நகர மக்கள் அழைத்த அந்த வளாகம், நாளடைவில் மனாகுவாவில் வழி சொல்வதற்கான அடையாளமாகவே ஆனது. மசாயாவுக்கும் கிரானடாவுக்கும் செல்லும் சிற்றுந்துகள் புறப்படும் நிலையத்துக்கும் அதே பெயர் நிலைத்தது.

எதிர்ப்புக்கு மாற்றாக நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் எதிர்ப்பையே விளைவித்தது என்பது இந்த வரலாற்றின் முதல் திருப்பம். 1960களின் முற்பகுதியில் டானியேல் ஓர்த்தேகா என்ற இளைஞர் அங்கே சட்டம் படிக்கச் சேர்ந்து, சில காலத்திலேயே படிப்பை விட்டு சாண்டினிஸ்டா முன்னணியில் இணைந்தார். அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான காசிமிரோ சொத்தேலோ, முன்னணியின் நகர்ப்புறப் போராளியாகி, 1967 நவம்பரில் தேசியக் காவற்படையால் கொல்லப்பட்டார். 1970இல் மாணவர் பொறுப்புத் துணை ரெக்டராக வந்த ஃபெர்னாண்டோ கார்தெனால் என்ற துறவி, சீர்திருத்தம் கோரி வளாகத்தைக் கைப்பற்றிய மாணவர்களின் பக்கம் நின்றதால் பதவியிழந்தார். 1972 டிசம்பர் 23ஆம் நாள் அதிகாலையில் மனாகுவாவின் மையப் பகுதியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கமும், அதன்பின் வந்த வெளிநாட்டு உதவிப் பணம் ஆட்சியாளரின் கைக்குள் மறைந்ததும், நடுத்தர வகுப்பினரை ஆட்சியிடமிருந்து மேலும் விலக்கின. இலத்தீன் அமெரிக்கத் திருச்சபை முழுவதிலும் ஏழைகளின் பக்கம் நிற்பதே சமயக் கடமை என்ற விடுதலை இறையியல் பரவிய காலமும் அதுவே. துறவியரே மாறிக்கொண்டிருந்த நிலையில் அவர்கள் நடத்திய பல்கலைக்கழகம் மாறாமல் இருந்திருக்க முடியாது.

1979 ஜூலை 19 அன்று புரட்சி வென்றபோது, ஊகா பழிவாங்கப்படவில்லை; மாறாக, புதிய ஆட்சியின் நண்பனாகவே நடத்தப்பட்டது. அதே ஃபெர்னாண்டோ கார்தெனால் 1980இல் நாடு தழுவிய எழுத்தறிவு இயக்கத்தை வழிநடத்தினார். ஐந்து மாதங்களில் எழுத்தறியாதோர் விகிதத்தை ஏறத்தாழ 50 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காட்டளவுக்குக் குறைத்ததாக அறிவிக்கப்பட்ட அவ்வியக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் பள்ளி மாணவர்களும் ஆயிரக்கணக்கில் கிராமங்களுக்குச் சென்றனர். 1984இல் அவர் கல்வி அமைச்சரானார். ஆனால் நட்புக்கும் ஒரு விலை இருந்தது. உயர்கல்வியைத் திட்டமிட்டு மறுசீரமைத்த புரட்சி அரசு, ஊகாவின் பொறியியல் துறைகளைப் பிரித்து 1983இல் தொடங்கிய தேசியப் பொறியியல் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. எந்தப் பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்கலாம் என்பதை அரசே வகுத்தது. தனியார் நிறுவனத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொள்வது தவறில்லை என்ற பழக்கம், நல்ல நோக்கத்தின் பெயரால், நண்பர்களிடையே அப்போதே உருவாகிவிட்டது. இதைக் கூறுவது புரட்சியின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அன்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது வெற்றிடத்திலிருந்து தோன்றவில்லை என்பதைக் காட்டுவதற்காகவே.

அக்காலத்து ரெக்டர்களில் ஒருவரைப் பற்றி இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1979 முதல் 1983 வரை அப்பொறுப்பை வகித்த அமாந்தோ லோபெஸ், பின்னர் எல் சால்வதோர் நாட்டிலுள்ள, ஊகா என்றே அழைக்கப்படும் சகோதரப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பிக்கச் சென்றார். 1989 நவம்பர் 16 அன்று அந்நாட்டுப் படையினர் அவ்வளாகத்துக்குள் புகுந்து கொன்ற ஆறு துறவியருள் அவரும் ஒருவர். சமையற்பணி செய்த பெண்ணும் அவருடைய மகளும் உடன் கொல்லப்பட்டனர். வலதுசாரிப் படையினர் ஓர் ஊகாவின் பேராசிரியர்களைக் கொன்றதும், இடதுசாரிப் பெயர் தாங்கிய அரசு இன்னொன்றைப் பறித்ததும் ஒரே மண்டலத்தில் நிகழ்ந்தவை. பல்கலைக்கழகத்தின் மீதான பகையைக் கொள்கையின் வண்ணத்தைக் கொண்டு விளக்க முயலும் ஆய்வுகள் அனைத்தும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

1990 பிப்ரவரித் தேர்தலில் தோற்ற சாண்டினிஸ்டாக்கள், ஆட்சியை விட்டு இறங்கும் முன்பாக, உயர்கல்வி நிறுவனங்களின் தன்னாட்சிக்கான 89ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றினர். தன்னாட்சி என்பது பல்கலைக்கழகம் தன் தலைவர்களைத் தானே தேர்ந்து, பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, நிதியைத் தானே ஆளும் உரிமை. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் 6 விழுக்காடு பல்கலைக்கழகங்களுக்குச் செல்ல வேண்டும் என்பதும் நாட்டின் அரசமைப்பிலேயே இடம்பெற்றது. அந்தச் சட்டம் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட நிறுவனங்களுள் அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஊகாவும் இருந்தது. இதனால் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க ஊகாவுக்கு வழி கிடைத்தது. கூடவே, தனியார் பல்கலைக்கழகம் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் அரசின் கையை எதிர்பார்க்கும் நிலையும் உண்டானது.

அடுத்து வந்த கால் நூற்றாண்டு, அறிவுப் பணியைப் பொறுத்தவரை, இந்நிறுவனத்தின் வளமான காலம். நிகராகுவா, மத்திய அமெரிக்க வரலாற்று நிறுவனம் அங்கே இயங்கியது. பழைய நாளிதழ்கள், கையெழுத்து ஆவணங்கள், நிழற்படங்கள், ஒலி ஒளிப் பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்த அதன் காப்பகம், நிலநடுக்கத்திலும் போரிலும் தன் நினைவுகளில் பெரும்பகுதியை இழந்த நாட்டுக்கு ஈடில்லாதது. நாட்டின் தாவர மாதிரிகளை உலர்த்திப் பெயரிட்டுப் பாதுகாக்கும் தேசியத் தாவரக் களஞ்சியம் அவ்வளாகத்தில்தான் இருந்தது. மூலக்கூறு உயிரியல் மையம் ஒன்று அங்கே வளர்ந்தது. 1981இல் தொடங்கிய என்வியோ என்ற இதழ், நாட்டின் அரசியலையும் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து பல மொழிகளில் வெளிவந்தது. புரட்சியை ஆதரித்துத் தொடங்கிய அவ்விதழ், 1980களில் நாட்டை ஆண்ட ஓர்த்தேகா 2007இல் மீண்டும் குடியரசுத் தலைவரான பின் அவரது ஆட்சியைக் கடுமையாக விமர்சிக்கும் குரலானது. தேர்தல் விதிகள் மாற்றப்பட்டதையும், ஒருவரே எத்தனை முறையும் ஆளலாம் என்று 2014இல் அரசமைப்பு திருத்தப்பட்டதையும், 2017இல் தலைவரின் மனைவி ரொசாரியோ முரியோ துணைத் தலைவரானதையும் ஆவணப்படுத்தும் பணியைச் செய்யத் துணிந்த நிறுவனங்கள் அந்நாட்டில் மிகச் சிலவே இருந்தன.

2018 ஏப்ரலில் நிகழ்ந்தவை தனியே விரித்துரைக்கத் தக்கவை. தென்கிழக்கு நிகராகுவாவில் இந்தியோ மாயிஸ் என்ற காட்டுக் காப்பகம் தீப்பற்றி எரிந்தபோது, அரசு உரிய வேகத்தில் செயல்படவில்லை என்று ஊகா மாணவர்கள் வளாக வாயிலில் போராடத் தொடங்கினர். அதே மாதம் 18ஆம் நாள், சமூகப் பாதுகாப்பு நிதிக்கான பங்களிப்பை உயர்த்தி ஓய்வூதியத்தைக் குறைத்த ஆணைக்கு எதிராக எழுந்த ஆர்ப்பாட்டம் அரசு ஆதரவுக் குழுக்களால் தாக்கப்பட்டது. சில நாள்களில் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. மே 16 அன்று ஆயர்களின் முன்னிலையில் நடந்த தேசிய உரையாடலில், ஊகாவில் தொடர்பியல் பயின்ற லெஸ்தெர் அலெமான் என்ற இருபது வயது மாணவர், குடியரசுத் தலைவரை நேருக்கு நேர் பார்த்து அவர் பதவி விலக வேண்டும் என்று கோரியதை நாடு முழுவதும் நேரலையில் கண்டது. ஒரு காலத்தில் தாம் படிக்கச் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் மாணவரிடமிருந்து ஓர்த்தேகா அச்சொற்களைக் கேட்க நேர்ந்தது. மே 30 அன்று, அன்னையர் நாளில், கொல்லப்பட்டவர்களின் தாய்மாருக்காக நடந்த மாபெரும் பேரணி சுடப்பட்டபோது, ஓடி வந்தவர்களுக்கு ஊகா தன் வாயில்களைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் உள்ளே அடைக்கலம் பெற்றனர். 2018 நெருக்கடியில் 355 பேர் இறந்ததாக அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையம் பதிவு செய்துள்ளது. ஐந்தாண்டுகளுக்குப் பின் ஊகாவைப் பறித்த நீதிமன்றத் தீர்ப்பில் அது பயங்கரவாத மையம் என்று எழுதப்பட்டதன் பின்னணியில், அன்று திறந்த அந்த வாயில்களே நிற்கின்றன என்று கருத எல்லாக் காரணங்களும் உண்டு.

எனினும் அரசு உடனே வளாகத்தைக் கைப்பற்றவில்லை. இந்த இடைவெளிதான் மூடல் என்ற செயலின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. முதலில் நிதி குறைந்தது: 6 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஊகாவின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்பட்டு, 2022 மார்ச்சில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் அப்பல்கலைக்கழகம் நிதி பெறும் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. உதவித்தொகையில் படித்தவர்களே இதனால் முதலில் வெளியேற நேர்ந்தது. அடுத்து ஆள்கள் அகற்றப்பட்டனர்: 2018 உரையாடலில் பங்கேற்ற ரெக்டர் ஹோசே இதியாகெஸ், 2022இல் வெளிநாடு சென்றபின் நாட்டுக்குள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அலெமான் 2021 ஜூலையில் சிறைப்பட்டு, 2023 பிப்ரவரியில் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 222 அரசியல் கைதிகளுள் ஒருவராகி, குடியுரிமையையும் இழந்தார். இதற்கிடையே ஏனைய நிறுவனங்களின் மீது ஒத்திகை நடந்தது. 2018இல் மாணவர்கள் தடுப்பரண் அமைத்துத் தங்கியிருந்த பொலிதெக்னிகா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல தனியார் பல்கலைக்கழகங்களின் சட்ட ஆளுமையை 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நீக்கியது. கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்யவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தாங்கள் கொண்டுசென்ற தாள்களை அமைச்சகம் வாங்க மறுத்தது என்பது பாதிக்கப்பட்டவர்களின் மறுமொழி. அவற்றின் கட்டடங்களில் புதிய அரசுப் பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள், மருத்துவச் சங்கங்கள், மறைமாவட்ட அமைப்புகள் என்று 3,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் இதே வழியில் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன.

2023 ஆகஸ்ட் 9 அன்று ஊகாவின் வங்கிக் கணக்குகளும் சொத்துகளும் முடக்கப்பட்டன. ஆகஸ்ட் 15 அன்று, ஊகாவைப் பயங்கரவாத மையம் என்று குற்றம் சாட்டி அதன் சொத்துகளைப் பறிக்கும் நீதிமன்ற ஆணை வந்தது. மறுநாள் பல்கலைக்கழகம் தன் பணிகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவித்தது. குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை என்று இயேசு சபை மறுத்தது. அடுத்த சில நாள்களில் வளாகத்தை அடுத்த இல்லத்தில் வாழ்ந்த துறவியர் வெளியேற்றப்பட்டனர். ஆகஸ்ட் 23 அன்று நிகராகுவாவில் இயேசு சபையின் சட்ட ஆளுமையே நீக்கப்பட்டது. பறிக்கப்பட்ட வளாகத்தில் அமைந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் காசிமிரோ சொத்தேலோவின் பெயர் சூட்டப்பட்டது. சர்வாதிகாரத்தை எதிர்த்து மாண்ட ஊகா மாணவர் ஒருவரின் பெயரை, சர்வாதிகாரத்தை எதிர்த்த மாணவர்களுக்கு வாயில் திறந்த குற்றத்துக்காக ஊகாவைப் பறித்த அரசு எடுத்துக்கொண்டது. இந்தச் செயலில் உள்ள வன்முறை துப்பாக்கியின் வன்முறைக்குச் சற்றும் குறைந்ததன்று. நிறுவனத்தின் எதிர்காலத்தோடு அதன் இறந்தகாலத்தையும் அது கைப்பற்றுகிறது.

நிகராகுவாவின் அனுபவம் தனித்தது அன்று என்பதை வேறு மூன்று நாடுகளின் நிகழ்வுகள் காட்டுகின்றன. பெலாரஸின் மின்ஸ்க் நகரில் மெய்யியலாளர் அனதோலி மிகைலொவ் 1992இல் தொடங்கிய ஐரோப்பிய மானுடவியல் பல்கலைக்கழகத்தின் கட்டடக் குத்தகை 2004இல் ரத்து செய்யப்பட்டது. பிறகு, கற்பிக்கத் தகுந்த கட்டடம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி அதே ஆண்டு ஜூலையில் உரிமம் பறிக்கப்பட்டது. காரணத்தை அரசே உண்டாக்கி, அக்காரணத்தையே தண்டனைக்கு அடிப்படையாக்கிய இந்த முறையை விடத் தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது. ஹங்கேரியில் முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் 1991இல் நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தை 2017 ஏப்ரலில் நிறைவேறிய ஒரு சட்டம் வெளியேற்றியது. வெளிநாட்டு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் தம் தாய்நாட்டிலும் வளாகம் நடத்த வேண்டும், இரு அரசுகளுக்கிடையே ஒப்பந்தமும் வேண்டும் என்று அச்சட்டம் கோரியது. சட்டத்தின் சொற்கள் பொதுவானவை, ஆனால் நடைமுறையில் அது குறிவைத்தது ஒரு நிறுவனத்தையே. அப்போது தலைமை அமைச்சராக இருந்த விக்தொர் ஓர்பான் இளம்வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் பயில உதவியது சோரோஸின் உதவித்தொகைதான் என்பது, ஓர்த்தேகாவும் ஊகாவும் என்ற இணையை நினைவூட்டுகிறது.

துருக்கியின் நிகழ்வு இன்னொரு வகையைச் சார்ந்தது. 2016 ஜூலையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்ற ஒரு வாரத்துக்குள், நெருக்கடிநிலை ஆணை ஒன்றால் 15 அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. ஆனால் 2008இல் நிறுவப்பட்டு 2010இல் வகுப்புகள் தொடங்கிய இஸ்தான்புல் ஷெஹிர் பல்கலைக்கழகம், ஆளுங்கட்சியோடு நெருங்கிய வட்டத்திலிருந்தே தோன்றியது. முன்னாள் தலைமை அமைச்சர் அகமத் தாவூத்தோலு அதன் பின்னணியில் இருந்த அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவர். 2019 செப்டம்பரில் அவர் குடியரசுத் தலைவர் எர்தோவானின் ஆளுங்கட்சியை விட்டு விலகினார். வளாக நிலத்தின் ஒதுக்கீட்டை நீதிமன்றம் செல்லாததாக்கியதால் கடனுக்கான ஈடு போய்விட்டது என்று கூறி, அரசுடைமையான ஹல்க் வங்கி பல்கலைக்கழகத்தின் சொத்துகளை முடக்கச் செய்தது; அவ்வாண்டு இறுதியில் நிர்வாகம் அரசின் மர்மரா பல்கலைக்கழகத்திடம் சென்றது; 2020 ஜூன் இறுதியில் குடியரசுத் தலைவரின் ஆணை செயல்பாட்டு உரிமத்தை நீக்கியது. ஏறத்தாழ 7,000 மாணவர்கள் மர்மரா பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். அரசின் அருளால் நிலமும் கடனும் பெற்ற நிறுவனத்துக்கு, அந்த அருள் திரும்பிய நாளில் காப்பு எதுவும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தனியார் பல்கலைக்கழகத்தை மூடுவது எப்போதுமே தவறா? இந்தியாவின் அனுபவம் அவ்வாறு கூற விடவில்லை. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் இயற்றிய சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் வெறும் அரசிதழ் அறிவிப்பால் தோன்றின; பலவற்றுக்கு ஓர் அறையைத் தவிர வேறொன்றும் இல்லை. அறிவியலாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் அச்சட்டத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதென அறிவித்து, அந்நிறுவனங்களில் சேர்ந்த மாணவர்கள் கைவிடப்படாதவாறு அவர்களை ஏற்கெனவே இயங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்தது. அந்த மூடல் மாணவர்களைக் காத்தது. வேறுபாடு மூடலின் விளைவில் மட்டும் இல்லை, முறையில் உள்ளது. வழக்குத் தொடுத்தவர் அரசுக்கு வெளியிலிருந்த ஒரு குடிமகன். இரு தரப்பும் திறந்த மன்றத்தில் வாதிட்டன. பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு உரிய தகுதி எது என்ற ஒரே கேள்வி பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும்படி விடை பெற்றது. மூடலின் வழி அரசு எந்தச் சொத்தையும் தனதாக்கிக்கொள்ளவில்லை. மனாகுவாவில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. குற்றம் சாட்டியதும் பறித்ததும் பயனடைந்ததும் ஒரே கை.

பறிக்கப்பட்ட நிறுவனங்களின் பிற்கால வாழ்வும் ஒரே மாதிரி அமையவில்லை. மின்ஸ்கிலிருந்து வெளியேறிய பல்கலைக்கழகம் 2005இல் லிதுவேனியாவின் வில்னியுஸ் நகரில் மீண்டும் தொடங்கி, மறு ஆண்டு அந்நாட்டுப் பல்கலைக்கழகமாக ஏற்கப்பட்டது. ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்டிலிருந்து சென்றது 2019இல் வியன்னாவில் வகுப்புகளைத் தொடங்கியது. பெரும் அறக்கொடை நிதியும் அமெரிக்க அங்கீகாரமும் இருந்ததால்தான் அது இயன்றது. ஹங்கேரியின் சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஒன்றிய நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தபோது, மாணவர்கள் ஏற்கெனவே வியன்னாவில் இருந்தனர். இஸ்தான்புல் ஷெஹிர் பல்கலைக்கழகத்துக்குப் புகலிடம் எதுவும் கிடைக்கவில்லை. ஊகாவின் மாணவர்களை ஏற்க எல் சால்வதோரிலும் குவாத்தமாலாவிலும் உள்ள இயேசு சபைப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. எல்லை கடந்து, வீட்டையும் வேலையையும் விட்டு, அயல்நாட்டில் படிப்பைத் தொடரும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்தல் நிறுவனத்தைக் காக்கலாம். அந்த நாட்டில் படிக்க விரும்பியவரைக் காப்பதில்லை.

பாடம் தொடர்ந்ததா, பட்டம் கிடைத்ததா என்ற அளவுகோல்களால் மட்டும் ஊகாவின் இழப்பை மதிப்பிடுவோர், பல்கலைக்கழகம் என்பது கற்பித்தலோடு ஒரு சமூகத்தின் சேமிப்பறையும் ஆகும் என்பதை மறந்துவிடுகின்றனர். அறுபது ஆண்டுகளின் மாணவர் பதிவேடுகள், பட்டதாரி ஒருவர் வேறு நாட்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லும்போது காட்ட வேண்டிய மதிப்பெண் சான்றுகள், வரலாற்று நிறுவனத்தின் காப்பகம், தாவரக் களஞ்சியத்தின் மாதிரிகள் ஆகிய அனைத்தும் ஆட்சிக்குக் கட்டுப்பட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளன. நிகராகுவாவில் சொத்துப் பறிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1979க்குப் பின் கைப்பற்றப்பட்ட நிலங்களும் வீடுகளும் குறித்த வழக்குகள் 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்நாட்டு அரசியலைக் கலக்கின. வேறோர் அரசு வந்து ஊகாவைத் திருப்பித் தர முனைந்தால், வளாகத்தையும் சட்ட ஆளுமையையும் 89ஆம் எண் சட்டத்தின் பட்டியலில் பழைய இடத்தையும் ஓர் ஆணையால் மீட்கலாம். சிதறிப்போன ஆசிரியர்களையும், கலைந்த ஆய்வுக் குழுக்களையும், 2018க்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறிய மாணவத் தலைமுறையையும் மீட்பதற்கு அத்தகைய ஆணை போதாது. காப்பகத்தைப் பொறுத்தவரை, அதில் எந்த ஆவணம் எஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே நிகராகுவாவின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் பல அத்தியாயங்கள் எழுதப்படக்கூடும். சாண்டினிஸ்டா இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய அத்தியாயமும் அவற்றுள் ஒன்று.